சாய்வு ஸ்பார் அறுப்பது: பலகை தேர்வதிலிருந்து கடைசி இழைப்பு வரை

விமான இறக்கையின் நீளத்துக்கு ஓடி அதைத் தாங்கும் முதன்மைச் சட்டம்தான் ஸ்பார். வேரில் (உடலோடு சேரும் முனையில்) ஆழமாகவும் நுனியில் ஒல்லியாகவும் இருக்கும் மர ஸ்பாரில் கஷ்டமான வேலை ரம்பம் பிடிப்பதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். கோட்டுக்கு வெளியே அறுத்து, கோடு வரை இழைப்பது பழகிய கை எதற்கும் வரும். ஸ்பார் கெடுவது பெரும்பாலும் அதற்கு முன்பே. எந்தப் பலகை, எந்த ஓரம் மேலே, நார் எந்தப் பக்கம் ஏறுகிறது என்று பார்க்காமல் கோடு போட்டுவிடுகிறார்கள். சாய்வாக அறுக்கும்போது நாரைத்தான் வெட்டுகிறோம். எந்த முகத்தில், எவ்வளவு வெட்டுகிறோம் என்பதை ரம்பம் தொடுமுன் முடிவு செய்துவிட்டால் மீதி வேலை பொறுமை மட்டுமே.

கீழே வரும் அளவுகள் கணக்கு புரிவதற்கான மாதிரி. உங்கள் பிளானில் இருப்பதே உங்களுக்குச் சட்டம். அதை மாற்ற நினைத்தால் வடிவமைத்தவரிடம் எழுதிக் கேட்டு, பதிலைக் கோப்பில் வையுங்கள். தென்னாப்பிரிக்காவில் வீட்டில் கட்டும் விமானத்துக்கு சிவில் ஏவியேஷன் அதாரிட்டியின் 'அதாரிட்டி டு ஃப்ளை' வேண்டும். கட்டும் காலத்தில் 'அப்ரூவ்ட் பெர்சன்', அதாவது அங்கீகாரம் பெற்ற இன்ஸ்பெக்டர், வந்து பார்ப்பார். பலர் அவரை ஸ்பார் ஒட்டி முடிந்த பிறகுதான் கூப்பிடுகிறார்கள். அறுக்காத பலகையாக இருக்கும்போதே ஒருமுறை காட்டிவிடுங்கள். பலகையில் குறை இருந்தால் அன்று தெரிவது நல்லது.

மரம்

பழைய பிளான்கள் பெரும்பாலும் சிட்கா ஸ்ப்ரூஸ் கேட்கும். அது வட அமெரிக்காவின் மேற்குக் கரை மரம், நமக்கு இறக்குமதிதான். டக்ளஸ் ஃபர் அதைவிட வலு, ஆனால் கனம் அதிகம், எளிதில் பிளக்கும். மாற்று மரம் போடலாமா, போட்டால் அளவு மாறுமா என்பதைப் பிளான்தான் சொல்ல வேண்டும்.

இங்கே கூரை வேலைக்கு விற்கும் பைன் சட்டம் ஸ்பாருக்கு ஆகாது. அது தோட்டத்தில் வேகமாக வளர்ந்த மரம். வளையங்கள் அகன்று இருக்கும், நடுத்தண்டை ஒட்டிய இளமரம் அதிகம், கணுவும் உண்டு. அதில் இருக்கும் எஸ்5, எஸ்7 முத்திரை கட்டிட வேலைக்கான தரம். ஆனால் ஒத்திகைக்கு இதைவிட மலிவான மரம் கிடையாது. ஸ்ப்ரூஸைத் தொடுமுன் அதே நீளத்தில் ஒரு பைன் சட்டத்தை முழுமையாக அறுத்து இழைத்துப் பாருங்கள். பூச்சி மருந்து ஏற்றிய பச்சை நிறப் பைனை மட்டும் எடுக்காதீர்கள். சிசிஏ மருந்தில் ஆர்செனிக் இருக்கிறது, அந்தத் தூள் நுரையீரலுக்குள் போகக்கூடாது.

பலகை வந்ததும் பார்க்க வேண்டியவை இவை. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ-வின் ஏசி 43.13-1பி ஆவணத்தில் உள்ள அளவுகோலையே பெரும்பாலான கட்டுநர்கள் பின்பற்றுகிறார்கள். நார்ச்சாய்வு 15க்கு 1க்கு மேல், அதாவது 15 மில்லிமீட்டர் நீளத்துக்கு 1 மில்லிமீட்டர் விலகலுக்கு மேல், போகக்கூடாது. முனையில் 25 மில்லிமீட்டருக்குக் குறைந்தது 6 வளையம் இருக்க வேண்டும். பிளவு, அழுகல், அமுக்கமரம் (சாய்ந்து வளர்ந்த மரத்தின் அடிப்பக்க மரம்), அமுக்க முறிவு எதுவும் கூடாது.

இவற்றில் கண்ணுக்குத் தப்புவது அமுக்க முறிவுதான். புயலில் விழுந்த மரத்திலும், வெட்டும்போது கட்டையின் மேல் முறிந்து விழுந்த மரத்திலும் நார் உள்ளே மடங்கியிருக்கும். வெளியே தெரிவது நாருக்குக் குறுக்கே ஓடும் மெல்லிய சுருக்கக் கோடு மட்டுமே. கராஜ் விளக்கை அணைத்துவிட்டு, முகத்தை ஒருமுறை கூர்மையாக இழைத்து, டார்ச்சைப் பலகையின் முனையில் கிட்டத்தட்டப் படுக்க வைத்து நீளவாக்கில் ஒளி அடியுங்கள். நல்ல முகத்தில் ஒளி தடையில்லாமல் ஓடும். முறிவு இருந்தால் குறுக்கே ஒரு வெளிறிய கோடும் அதன் பின்னால் ஒரு நிழலும் தெரியும். ஒரே ஒரு கோடு இருந்தாலும் அந்தப் பகுதி ஸ்பாருக்கு இல்லை. அந்த இடம் இழுவையில் எச்சரிக்கை இல்லாமல் அறுந்துபோகும்.

முனையிலிருந்து 10 மில்லிமீட்டர் சதுரக் குச்சி ஒன்றைச் சீவி எடுத்துக் கையால் ஒடித்தும் பாருங்கள். நல்ல ஸ்ப்ரூஸ் நீளச் சிறாயாகக் கிழிந்து முறியும். குட்டையாக, கேரட் போலப் பட்டென்று ஒடிந்தால் அது மொரமொரத்த மரம், திருப்பிக் கொடுங்கள்.

நார்ச்சாய்வும் சாய்வு வெட்டும்

மாதிரி ஸ்பார்: கெட்டிப் பலகை, 25 மில்லிமீட்டர் தடிமன், 3600 நீளம். வேரிலிருந்து 600 வரை ஆழம் 180, அதன்பின் நேர்கோட்டில் குறைந்து நுனியில் 75. அதாவது 3000 நீளத்தில் 105 மில்லிமீட்டர் குறைகிறது, மீட்டருக்கு 35.

இந்த 105-ஐயும் ஒரே ஓரத்தில் வெட்டினால் அந்த ஓரம் 28.6-க்கு 1 என்று சாய்கிறது. இரண்டு ஓரத்திலும் பாதி பாதி வெட்டினால் ஒவ்வொன்றும் 57-க்கு 1. பலகையின் நார் முற்றிலும் நேராக இருந்தால் இரண்டும் பரவாயில்லை. ஆனால் 20-க்கு 1 சாய்ந்த நார், அதாவது விதிக்கு உள்ளே இருக்கும் நல்ல பலகை என்று வைத்துக்கொள்ளுங்கள். 20-க்கு 1 என்பது 0.050. ஒற்றை ஓர வெட்டு 0.035. இரண்டும் எதிரெதிராகச் சாய்ந்தால் கூட்டுத்தொகை 0.085, அதாவது 12-க்கு 1-ஐயும் தாண்டுகிறது. 15-க்கு 1 விதிக்குள் இருக்கிறது என்று வாங்கிய பலகை வெட்டியபின் அந்த ஓரத்தில் விதிக்கு வெளியே போய்விட்டது. அதே பலகையை முனை மாற்றிப் போட்டால் நாரும் வெட்டும் ஒரே பக்கம் சாயும், வித்தியாசம் 0.015 மட்டும், வெட்டிய ஓரத்தில் நார் கிட்டத்தட்ட முழு நீளம் ஓடும். பலகை அதேதான், ரம்பமும் அதேதான். கோடு போடுமுன் முனையைத் திருப்பியதால் வந்த வித்தியாசம் இது.

15-க்கு 1 என்பதைப் பலகைக்கு மட்டும் பார்க்காமல் முடிந்த ஓரத்துக்கும் சேர்த்துப் பார்ப்பதுதான் எங்கள் பழக்கம். அப்படிப் பார்த்தால் ஒற்றை ஓர வெட்டில், நார் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தால், பலகை 32-க்கு 1 அல்லது அதைவிட நேராக இருக்க வேண்டும். இரண்டு ஓர வெட்டில் 21-க்கு 1 போதும்.

எந்த ஓரத்தில் வெட்டுவது? பறக்கும்போது இறக்கை மேலே வளைகிறது. கீழ் ஓரம் இழுபடுகிறது, மேல் ஓரம் அமுங்குகிறது. இழுபடும் முகத்தில் வெட்டுண்ட நார்முனைகள் வந்தால் அங்கிருந்துதான் கிழியத் தொடங்கும். பிளான் இடம் கொடுத்தால் கீழ் ஓரத்தை நாரோடு நேராக விட்டு மேல் ஓரத்தில் வெட்டுங்கள். இறக்கையின் வடிவம் இரண்டு பக்கமும் குறையச் சொன்னால் வேறு வழியில்லை. அப்போது நேரான நாருள்ள பலகையை இதற்கென்று ஒதுக்கி வையுங்கள். பெட்டி ஸ்பார் என்பது மேலும் கீழும் மரச்சட்டம், பக்கங்களில் பிளைவுட் ஒட்டிய உள்ளீடற்ற ஸ்பார். அதன் கேப்களில், அதாவது அந்த மேல், கீழ்ச் சட்டங்களில், இது இன்னும் எளிது: வெளிமுகத்தைத் தொடாமல், சாய்வு முழுவதையும் உள்முகத்தில் வெட்ட வேண்டும்.

நாரைப் படிப்பது எப்படி? கெட்டி ஸ்பாருக்கு வளையக் கோடுகள் அகல முகத்தில் நீளவாக்கில் ஓடும்படி அறுத்த பலகைதான் எடுப்போம். அந்த முகத்தில் கோடுகளே சாய்வைக் காட்டிவிடும்: ஒரு கோட்டை 750 மில்லிமீட்டர் தூரம் பின்தொடர்ந்து, ஓரத்திலிருந்து எவ்வளவு விலகியது என்று அளந்து பாருங்கள். 50 மில்லிமீட்டர் என்றால் சரியாக 15-க்கு 1. ஏமாற்றுவது குறுகிய முகம். முறுக்கு நார் அங்கேதான் இருக்கும், வளையக் கோடு அதைக் காட்டாது. அங்கே பேனா மையை ஒரு சொட்டு விடுங்கள். அது நாரைப் பிடித்துக்கொண்டு நீளமாக ஓடும், அந்தத் திசைதான் உண்மை. சோதிக்கும் இடம் பின்னால் அறுத்து எறியப்போகும் பகுதியாக இருக்கட்டும். இன்னும் சந்தேகம் என்றால் துண்டு ஒன்றில் உளியை வைத்துத் தட்டிப் பிளந்து பாருங்கள்.

டர்பன் ஈரமும் ஜோஹன்னஸ்பர்க் வறட்சியும்

இதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தில் நிற்கும் இடத்தில் மரம் சுமார் 16 சதவீத ஈரத்தில் போய் நிற்கும். 65 சதவீதத்தில் 12. 40 சதவீதத்தில் 7 அல்லது 8. டர்பன், டோங்காட் பக்கம் கோடையில் மரம் மேல் எல்லையில் இருக்கும். ஜோஹன்னஸ்பர்க் இருக்கும் ஹைவெல்ட் மேட்டுநிலத்தில் குளிர்காலப் பகலில் காற்று 30 சதவீதத்துக்கும் கீழே காய்ந்துவிடும். ஸ்பார் மரம் 8 முதல் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

ஸ்ப்ரூஸ் பச்சையிலிருந்து முழுக்கக் காயும்வரை ஆர வாட்டில் (வளையங்களுக்குக் குறுக்கே) சுமார் 4.3 சதவீதமும் வளைய வாட்டில் (வளையங்களை ஒட்டி) 7.5 சதவீதமும் சுருங்கும். 180 ஆழமுள்ள ஸ்பாரை 15 சதவீத ஈரத்தில் சரியாக இழைத்து, அது 8-க்கு இறங்கினால், ஆர வாட்டிலேயே 1.8 மில்லிமீட்டர் குறைந்துவிடும். டர்பன் சாட்ஸ்வர்த் கராஜில் பிப்ரவரியில் துல்லியமாக முடித்த ஸ்பார் ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து ஜெர்மிஸ்டன் ஹாங்கரில் ஆகஸ்டில் ரிப்பிலும் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டம்) ஃபிட்டிங்கிலும் (உலோக இணைப்பு) லூசாக நிற்பதற்குக் காரணம் இதுதான். ஒட்டிய பிளைவுட் அந்தச் சுருக்கத்துக்கு இடம் கொடுக்காவிட்டால் மரம் பிளக்கும்.

கரையோரத்தில் இருப்பவர்கள் பலகையை வீட்டுக்குள் ஓர் அறையில், ஈரம் உறிஞ்சும் மெஷின் வைத்து, குறுக்குக் குச்சிகளின் மேல் அடுக்கி வையுங்கள். ஊசி குத்தி ஈரம் அளக்கும் மீட்டர் நல்லதுதான், ஆனால் ஒரு தடவையாவது அடுப்பில் சரிபாருங்கள். முனையிலிருந்து குறைந்தது 300 உள்ளே தள்ளி ஒரு துண்டு வெட்டி எடை போடுங்கள். 103 டிகிரியில் எடை மாறாமல் நிற்கும்வரை காயவைத்து மறுபடி எடை போடுங்கள். 52.4 கிராம் 46.8 ஆனால் இழந்தது 5.6, அதைக் காய்ந்த எடையால் வகுத்தால் 12 சதவீதம். காய்ந்த அந்தத் துண்டையே அளந்து, அதன் எடையைக் கன அளவால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். ஸ்ப்ரூஸுக்கு அது கன சென்டிமீட்டருக்கு 0.36 கிராமுக்குக் கீழே போனால் வலு போதாது.

முதல் அறுப்பு, பிறகு காத்திருப்பு

இடது, வலது ஸ்பார்கள் ஒரே பலகையிலிருந்து, அடுத்தடுத்து வரட்டும். இரண்டும் ஒரே மாதிரி வளையும். சாய்வை உடனே வெட்டாதீர்கள். முதலில் நேர் ஓரங்களோடு, ஆழத்தில் 6, தடிமனில் 3, நீளத்தில் ஒவ்வொரு முனையிலும் 100 மில்லிமீட்டர் கூடுதலாக அறுங்கள். அறுத்தவுடன் பலகைக்குள் இருந்த இறுக்கம் விடுபட்டு அது வளையும். குச்சிகளின் மேல் இரண்டு வாரம் வைத்து, பிறகு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூல் பிடித்துப் பாருங்கள். 3600 நீளத்தில் 3 மில்லிமீட்டர் வில் என்றால் கூடுதல் மரத்தில் சரியாகிவிடும். அதற்குமேல் வளைந்ததையும் முறுக்கிக்கொண்டதையும் கிளாம்ப் போட்டு நேராக்கி இழைக்காதீர்கள். கிளாம்பை எடுத்ததும் அது பழைய வளைவுக்கே போகும்.

எல்லா முகத்திலும் 'வேர்', 'நுனி', 'மேல்', 'முன்', 'இடது' அல்லது 'வலது' என்று பென்சிலால் எழுதுங்கள். மெழுகுக் கட்டியால் எழுதாதீர்கள். மெழுகு பட்ட இடத்தில் பசை பிடிக்காது.

கோடு போடுதல்

ஒரு முகத்தையும் ஓர் ஓரத்தையும் மூலைமட்டத்துக்குச் சரியாக இழைத்து, எல்லா அளவையும் அந்த இரண்டிலிருந்தே எடுங்கள். 300-க்கு ஒரு ஸ்டேஷன், அதாவது ஆழம் குறிக்கும் இடம். மாதிரி ஸ்பாருக்கு:

0 – 180
300 – 180
600 – 180
900 – 169.5
1200 – 159
1500 – 148.5
1800 – 138
2100 – 127.5
2400 – 117
2700 – 106.5
3000 – 96
3300 – 85.5
3600 – 75

டேப்பை ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் நகர்த்தாதீர்கள். ஒரே இழுப்பில் எல்லாவற்றையும் குறியுங்கள். இல்லையென்றால் அரை மில்லிமீட்டர் பிழை ஒவ்வொன்றாகச் சேரும். இரண்டு ஸ்பாரையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்து ஒன்றாகக் குறித்தால் இன்னும் நல்லது. ஆழத்தைக் கத்தி முனையால் புள்ளி வையுங்கள். 600-லிருந்து 3600 வரை மெல்லிய மீன்பிடி நூலை இறுக்கிக் கட்டி, எல்லாப் புள்ளியும் நூலுக்கு அடியில் வருகிறதா என்று நேர் மேலிருந்து பாருங்கள். ஒரு புள்ளி விலகினால் அந்தப் புள்ளிதான் தப்பு, நூல் இல்லை. பலகை படுக்கையாக இருப்பதால் நூலின் தொய்வு கோட்டைப் பாதிக்காது.

பிளானில் ஒன்றைக் கவனியுங்கள். ரிப்பின் வளைவுக்கு ஏற்ப ஸ்பாரின் மேல் ஓரம் முன்பின்னாகச் சரிந்திருக்கும். எழுதியிருக்கும் ஆழம் உயர்ந்த முகத்துக்கா, தாழ்ந்த முகத்துக்கா, நடுவுக்கா? தாழ்ந்த முகத்தின் அளவை உயர்ந்ததென்று எடுத்துச் சரிவை இழைத்தால் ஸ்பார் முழு நீளத்துக்கும் ஆழம் குறைந்துவிடும்.

ஆழத்தில் சாய்வு: கெட்டி ஸ்பார்

மேசை ரம்பத்தில் இந்த நீளத்தைத் தள்ளுவதைவிட, பலகையை அசையாமல் படுக்க வைத்து ரம்பத்தை ஓட்டுவது பத்திரம். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டின் நேர் ஓரத்தை வழிகாட்டியாகக் கிளாம்ப் செய்து, கை சர்குலர் சாவில் நீள அறுப்புக்கான 18 முதல் 24 பல் பிளேடு போட்டு, கோட்டுக்கு 3 மில்லிமீட்டர் வெளியே அறுங்கள். நேராக ஓடும் 600 வரையான பகுதியும் சாய்வும் சேரும் மூலையில் ரம்பம் கோட்டைத் தாண்டி உள்ளே போகக்கூடாது. நுனியிலிருந்து வேரை நோக்கி வந்து, மூலைக்கு 40 மில்லிமீட்டர் முன்பே நிறுத்தி, மீதியைக் கைரம்பத்தால் முடியுங்கள். அங்கே விழும் ஒரு ரம்பக் கீறல் மோசமான கீறல். ஃபிட்டிங் முடியும் இடமும் அதுவே, சுமையும் அங்கே அதிகம்.

பிறகு ரௌட்டர், அதாவது சுழலும் பிட்டால் ஓரத்தைச் சீவும் கருவி. நேராக இழைத்த டெம்ப்ளேட்டைக் கோட்டின் மேல் வைத்து, மேலும் கீழும் பேரிங் உள்ள ஃப்ளஷ் டிரிம் பிட்டால் கோட்டுக்கு 0.5 மில்லிமீட்டர் வரை கொண்டு வாருங்கள். ரௌட்டரானாலும் இழைப்புளியானாலும் தடித்த முனையிலிருந்து ஒல்லி முனைக்கு மட்டுமே வெட்ட வேண்டும். பென்சில் சீவும்போது கத்தி முனையை நோக்கிப் போவது எதற்கோ அதே காரணம்தான்: எதிராகப் போனால் வெட்டுவாய் நாருக்கு அடியில் புகுந்து கிளப்பிவிடும். கையில் பிடிக்கும் ரௌட்டரை ஓரத்தைப் பார்த்து நின்று இடமிருந்து வலமாகத் தள்ளுவோம். ஆகவே முதல் ஓரத்தில் வேர் உங்கள் இடப்பக்கம் இருக்கட்டும். மறு ஓரத்திலும் வெட்டுவதாக இருந்தால் மறுபக்கம் போய் நின்று தொடராமல், பலகையைக் கவிழ்த்துப் போட்டு வேரை மறுபடி இடப்பக்கம் கொண்டு வாருங்கள். இரண்டு பேரிங் பிட் சொன்னதற்குக் காரணம் இதுதான். கவிழ்த்தாலும் டெம்ப்ளேட்டைக் கழற்ற வேண்டாம்.

கடைசி அரை மில்லிமீட்டர் நீள இழைப்புளிக்கு. 7 நம்பர் அல்லது அதுபோல் 550 மில்லிமீட்டர் நீளமுள்ளது வேண்டும். குட்டை இழைப்புளி பள்ளத்துக்குள்ளேயே இறங்கி அதை இன்னும் ஆழமாக்கும். இரண்டு ஸ்பாரையும் முகத்தோடு முகம் சேர்த்துக் கிளாம்ப் செய்து ஒன்றாக இழையுங்கள். ஓரம் இரட்டிப்பு அகலமாவதால் இழைப்புளி சாயாது, இடதும் வலதும் ஒன்றாக வரும். ஓர் எச்சரிக்கை: முகத்தோடு முகம் சேர்க்கும்போது ஒன்று கவிழ்ந்துவிடுகிறது. இரண்டிலும் நார் ஒரே பக்கம்தானா என்று பார்த்த பிறகே இழைப்புளியை எடுங்கள்.

மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒரே மரியாதை இல்லை. மேட்டை இன்னொரு தடவை இழைத்துவிடலாம். கெட்டி ஸ்பாரின் வளைவு வலு ஆழத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, 148.5 இருக்க வேண்டிய இடத்தில் 1 மில்லிமீட்டர் பள்ளம் விழுந்தால் 1.3 சதவீதம் போகும், நுனியில் 75 இருக்கும் இடத்தில் 2.6 சதவீதம். பள்ளத்தைப் பசையும் மரத்தூளும் போட்டு நிரப்பினால் கண்ணுக்குத்தான் சரியாகும், வலு திரும்பாது.

தடிமனில் சாய்வு: பெட்டி ஸ்பாரின் கேப்

கேப் 40 அகலம், வேரில் 30 தடிமன், நுனியில் 12 என்று வைப்போம். 3600-க்கு 18, அதாவது 300-க்கு 1.5. சாய்வு சிறிது, ஆனால் பிழைக்கு இடமே இல்லை: 12 தடிமனில் 1 மில்லிமீட்டர் போனால் அந்த இடத்தில் மரத்தில் 8 சதவீதத்துக்கு மேல் போயிற்று.

இதற்குத் திக்னஸரும் (உருளைகளால் மரத்தை இழுத்துக் குறித்த தடிமனுக்கு இழைக்கும் மெஷின்) ஒரு சாய்வுத் தாங்கியும் வேண்டும். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் 3900 நீள அடிப்பலகை. அதன் மேல் முழு நீளத்துக்கும் ஓடும் ஓர் ஆப்புச் சட்டம்: தடித்த முனையில் 0, ஒவ்வொரு 300-க்கும் 1.5 உயர்ந்து, ஒல்லி முனையில் 18. கேப் அதன் மேல் படுக்கும், வெளிமுகம் கீழே. திக்னஸர் வெட்டும் தளம் எங்கும் அடிப்பலகையிலிருந்து 30 உயரத்தில் முடியும். வேரில் 30 மரம், நுனியில் 12 மரம்.

ஆப்புக்குப் பதில் இடையிடையே கட்டைகள் வைப்பவர்கள் உண்டு. உருளை அழுத்தும்போது இரண்டு கட்டைக்கு நடுவில் கேப் கீழே தொய்யும். அங்கே கத்தி குறைவாக எடுக்கும். வெளியே வந்ததும் மரம் நிமிர்ந்து மேடாக நிற்கும். நுனிப் பக்கம் ஒவ்வொரு இடைவெளியிலும் ஓர் அலை தெரிந்தால் காரணம் அதுவே. கட்டைதான் என்றால் நுனியில் 150-க்கு ஒன்றாவது வையுங்கள்.

இரண்டு முனையிலும் தடுப்பு வேண்டும். உருளை பிடித்து இழுப்பது மரத்தை. முன் தடுப்பு இருந்தால்தான் தாங்கியும் கூட வரும். முன் தடுப்பு 15 மில்லிமீட்டர், பின் தடுப்பு 25. இரண்டும் 30-க்குக் கீழே இருப்பதால் கத்தி தொடாது. தடித்த முனை முதலில் போகட்டும், அப்போது கத்தி நார் இறங்கும் திசையில் வெட்டும்.

திக்னஸருக்குப் போகுமுன் பேண்ட் சாவில் கோட்டுக்கு 2 மில்லிமீட்டர் மேலே அறுத்துச் சாய்வை ஏறக்குறையக் கொண்டு வந்துவிடுங்கள். அப்படிச் செய்யாமல் சமதடிமன் கட்டையை ஏற்றினால் முதல் சுற்றுகளில் உயர்ந்து நிற்கும் ஒல்லி முனையை மட்டுமே உருளை தொடும். முன்பகுதி பிடிப்பில்லாமல் நடுங்கும். தொடக்கத்தில் சுற்றுக்கு 1 மில்லிமீட்டர், கடைசி இரண்டு சுற்று 0.3. முனைகளில் திக்னஸர் கொத்தும் பள்ளம் கூடுதலாக விட்ட 100-க்குள் அடங்கிவிடும்.

பசை ஏறும் முகத்தை மணல்தாள் தொடக்கூடாது. தூள் நார் இடுக்கை அடைத்துவிடும், ஓரமும் உருண்டுவிடும். கூரான கத்தி விட்டுப்போன முகம்தான் பசைக்கு நல்ல முகம். இழைத்து எட்டு மணி நேரத்துக்குள் ஒட்ட முடிகிற அளவுக்கு மட்டும் அன்று இழையுங்கள். கத்தி மழுங்கியிருந்தால் முகம் பளபளக்கும். ஒரு துளி தண்ணீர் உருண்டு நின்றால் மறுபடி இழையுங்கள்.

இணைப்பு இருந்தால்

முழு நீளப் பலகையைக் கப்பலில் கொண்டுவரச் செலவு அதிகம் என்பதால் குட்டைப் பலகைகளை இணைப்பவர்கள் இங்கே அதிகம். பிளான் அனுமதித்தால் ஸ்கார்ஃப், அதாவது முனைகளைச் சாய்வாகச் சீவி ஒட்டும் இணைப்பு, 12-க்கு 1. 30 தடிமனுக்கு 360 மில்லிமீட்டர். சாய்வை வெட்டுமுன் இணைத்துவிடுங்கள். சாய்ந்த இரண்டு துண்டைக் கோணம் பிசகாமல் சேர்ப்பது பெரும் சிரமம். ஃபிட்டிங்கின் அடியில் இணைப்பு வரக்கூடாது. அடுக்கு ஒட்டிய கேப்பில் ஓர் அடுக்கின் இணைப்புக்கு நேர் மேலே இன்னொன்றும் வரக்கூடாது. ரெசார்சினால் பசைக்கு 21 டிகிரிக்குக் குறையாத வெப்பம் பசை இறுகும்வரை வேண்டும். ஹைவெல்ட் குளிர்கால இரவில் ஹீட்டரை நம்பி ஒட்டுபவர்கள் அன்று மின்வெட்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பசை கலக்குங்கள்.

சரிபார்த்து எடுத்து வைத்தல்

ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வெர்னியர் வைத்து அளந்து, பிளான் அளவுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். நாங்கள் வைத்துக்கொள்ளும் எல்லை: கெட்டி ஸ்பாரின் ஆழத்தில் கூடுதலாக 0.5 வரை, குறைவாக ஒன்றும் இல்லை. கேப்பின் தடிமனில் கூடுதலாக 0.3. பிறகு 1 மீட்டர் நேர்க்கோலை ஓரத்தின் மேல் வைத்து, பின்னால் விளக்கைப் பிடித்து நகர்த்துங்கள். ஸ்டேஷன்களுக்கு நடுவில் ஒளி புகுந்தால் அங்கே பள்ளம். இரண்டு பக்கமும் ஒளி தெரிந்து நடுவில் கோல் ஆடினால் அங்கே மேடு. ஸ்டேஷனில் மட்டும் அளந்து திருப்திப்பட்ட ஸ்பார்களில் இந்த நடுப்பள்ளம் அடிக்கடி ஒளிந்திருக்கும்.

கடைசியில் டார்ச்சை மறுபடி படுக்க வைத்து முழு முகத்தையும் பாருங்கள். இழைத்தபின் உள்ளே இருந்த பிசின் பையோ முறிவுக் கோடோ இப்போதுதான் மேலே வந்திருக்கும்.

முனைகளில் அன்றே வார்னிஷ் தடவுங்கள். ஈரம் முகத்தைவிட முனை வழியாகப் பல மடங்கு வேகமாகப் போய்வரும், பிளவும் அங்கேதான் தொடங்கும். பசை ஏறும் முகங்களை வெறுமையாக விட்டு, ஸ்பார்களை ஓரத்தில் நிற்க வைக்காமல், 600-க்கு ஒரு குச்சியின் மேல் படுக்க வைத்து பிளாஸ்டிக் தாளால் சுற்றுங்கள். அறுத்து மிஞ்சிய ஆப்புத் துண்டுகளை எறியாதீர்கள். எந்த ஸ்பாரிலிருந்து வந்தது என்று எழுதி வைத்தால், அதே மரத்தில் ஒவ்வொரு நாள் பசைக்கும் ஒரு சோதனைத் துண்டு ஒட்டி உடைத்து, பெட்டியை மூடுமுன் இன்ஸ்பெக்டர் வரும்போது காட்டலாம். பசைக்கோடு அப்படியே நின்று மரம் கிழிந்திருக்க வேண்டும்.